ஆயிரம் ஆண்டுக் குத்தகையில் ஒரு மரப்பூங்கா

பேராசிரியர்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அர்னால்ட் மரப்பூங்கா இருக்கிறது. 281 ஏக்கர். நடத்துவது ஹார்வர்ட் பல்கலைக்கழகம். நுழைவுக் கட்டணம் கிடையாது. நாயைக் கூட்டிக்கொண்டு யாரும் நடக்கப் போகலாம். திமிங்கில வேட்டைத் தொழிலில் பணம் சேர்த்த ஜேம்ஸ் அர்னால்ட் விட்டுச்சென்ற சொத்தைக் கொண்டு 1872-இல் தொடங்கினார்கள்.

முதல் இயக்குநர் சார்லஸ் சார்ஜென்ட் கெட்டிக்காரர். 1882-இல் ஓர் ஒப்பந்தம். நிலம் நகரத்துக்குப் போனது. நகரம் அதையே பல்கலைக்கழகத்துக்கு ஆயிரம் ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. சாலையும் காவலும் நகரத்தின் தலையில், மரங்கள் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில். 2882 வரைக்கும் கவலை இல்லை!

அங்கே ஒரு மரத்தின் அருகே போய்ப் பாருங்கள். சின்ன உலோகத் தகடு தொங்கும். அதில் 524-48 என்று ஓர் எண், பக்கத்தில் ஓர் எழுத்து. 1948-இல் பதிவேட்டில் ஏறிய 524-ஆவது வரவு என்று பொருள். அந்த வரவில் முளைத்த பல மரங்களில் இது எது என்பதை எழுத்து சொல்லும். விதை எங்கிருந்து வந்தது, யார் அனுப்பினார் என்பதைப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், அந்தப் பூங்காவின் உயிரே இந்தத் தகட்டில்தான் இருக்கிறது. நாமும்தான் மரம் நடுகிறோம். பலகையில் நட்டவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். மரத்தின் பெயர் இருக்காது. (சிரிப்பு)

இந்தக் கணக்கு எதற்கு உதவும்? பூத்த கொம்புகளை ஒடித்து, அழுத்திக் காயவைத்து, தேதி போட்டு, மர எண்ணோடு தாளில் ஒட்டிவைப்பது அங்கே நெடுங்கால வழக்கம். தாவரவியல் ஆய்வாளர் ரிச்சர்ட் பிரிமாக்கும் அவருடைய சகாக்களும் அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு, 2003-இல் அதே மரஞ்செடிகளைத் தேடிப் போனார்கள். 229 செடிகள். அதே வகை அல்ல, அதே செடி! அவை இப்போது எப்போது பூக்கின்றன என்று பார்த்துப் பழைய தேதிகளோடு ஒப்பிட்டார்கள். 1900–1920 காலத்தைவிட 1980–2002 காலத்தில் சராசரியாக 8 நாள் முன்னதாகவே பூத்திருக்கின்றன. நகரம் சூடாகி வருவதற்குச் செடிகளே சாட்சி சொல்லிவிட்டன. கொம்பை ஒட்டிவைத்தவர்கள் பருவநிலை மாற்றத்தைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

சரி, அந்த 524-48 எந்த மரம்? மெட்டாசெக்கோயா என்ற ஊசியிலை மரம். ஜப்பானிய அறிஞர் ஷிகேரு மிக்கி 1941-இல் புதைபடிவத்தை வைத்துப் பெயரிட்ட மரவகை. அழிந்தே போயிற்று என்றுதான் எண்ணியிருந்தார்கள். சில ஆண்டுகளில் சீனாவின் மோதாவோசி என்ற ஊரில் உயிரோடு அகப்பட்டது. நம் ஊர் அரசமரத்தடிபோல, அதன் அடியிலும் சின்னக் கோயில். பூங்காவின் முன்னாள் இயக்குநர் எல்மர் மெரில் 1947-இல் 250 டாலர் அனுப்பி விதை சேகரிக்கச் சொன்னார். 1948 தொடக்கத்தில் விதைகள் வந்தன. அவர் பூட்டி வைக்கவில்லை. உலகெங்குமுள்ள தோட்டங்களுக்குப் பகிர்ந்தார். எனக்கு அந்தத் தாராளம்தான் பெரிதாகப் படுகிறது.

எல்லாம் வெற்றிக்கதை அல்ல. அங்கே ஹெம்லாக் என்ற ஊசியிலை மரங்கள் நிறைந்த ஒரு குன்று உண்டு. ஆசியாவிலிருந்து பரவிய ஒரு பூச்சி 1997-இல் அங்கே வந்து சேர்ந்தது. பஞ்சுபோல அப்பிக்கொண்டு சாறு உறிஞ்சும். உள்ளூர் மரங்கள் நலிந்தன, பலவற்றை வெட்டவேண்டியதாயிற்று. சீன ஹெம்லாக் கன்றுகளை அங்கேயே நட்டுப் பார்த்தார்கள். சுற்றிலும் பூச்சி மொய்த்தும் அவற்றில் அது ஒட்டவில்லை. உள்ளூர் ஹெம்லாக்கின் இடத்தில் வீட்டுத் தோட்டங்களில் எதை நடலாம் என்று கேட்டவர்களுக்கு ஒரு பதில் கிடைத்தது. காட்டுக்கு அந்தப் பதில் போதாது.