மயில் போர்வை கேட்டதா?

[காட்சி: கொடைக்கானல், மூஞ்சிக்கல். காலை ஏழரை மணி, பனிமூட்டம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெரியவர்கள்.]

வணக்கம். இந்தக் கூட்டத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள். அறுபதைத் தாண்டியவர்கள் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். ஒருவர் காப்பிப்பொடி நிற ஸ்வெட்டர் போட்டிருக்கிறார். பக்கத்தில் இருப்பவர் சாம்பல் நிறம். அதற்கு அடுத்தவர் மறுபடியும் காப்பிப்பொடி. அந்த ஓரத்தில் நிற்கும் அம்மா மாம்பழ மஞ்சளில் அருமையான சின்னாளபட்டி சுங்குடி கட்டியிருக்கிறார். ஸ்வெட்டருக்குக் கீழே கொசுவம் கொஞ்சம் தெரிந்ததால்தான் எனக்கே அது கண்ணில் பட்டது.

இதே அம்மா கீழே வத்தலக்குண்டில் போய் இறங்கி ஸ்வெட்டரைக் கழற்றினால் அந்தச் சேலையை ஊரே பார்க்கும். மலையில் அந்தக் கொடுப்பினை இல்லை. வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் மேலே போடும் ஸ்வெட்டரும் சால்வையும்தான் நம் முகம். வயதான பிறகு நமக்குப் பிடித்தபடி உடுத்துவதைப் பற்றிப் பேச வேண்டுமென்றால், இங்கே சேலைக் கடையில் ஆரம்பித்துப் பிரயோஜனமில்லை.

[காட்சி: தோகை விரித்த மயிலின் கோட்டோவியம். மேலிருந்து ஒரு போர்வை விழுகிறது.]

பழனி மலைப் பக்கத்துக்கென்றே ஒரு பழைய கதை உண்டு. கடையெழு வள்ளல்களில் ஒருவரான பேகன் இந்தப் பகுதியை ஆண்டவர். தோகை விரித்து ஆடிய மயிலைப் பார்த்து, குளிரில் நடுங்குகிறது என்று இரங்கித் தன் போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டார். கொடைக்கு உதாரணமாகப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். எனக்கு மட்டும் மயிலின் பக்கம் நின்று ஒரு சந்தேகம். போர்வை விழுந்த பிறகு தோகை என்ன ஆயிற்று?

பேகன் மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை, பிரியத்தில் செய்தார். எங்கள் பெரியம்மாவின் பிள்ளைகளும் பிரியத்தில்தான் செய்கிறார்கள். பெரியம்மாவுக்கு 74 வயது, ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பீரோவில் மூன்று ஸ்வெட்டர் இருக்கிறது, மூன்றும் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தவை, மூன்றும் கிட்டத்தட்ட ஒரே பழுப்பு. ஏன் இந்த நிறம் என்று கேட்டால் எல்லா வீட்டிலும் சொல்லும் அதே பதில்தான்: "அழுக்குத் தெரியாதும்மா." இதே பிள்ளைகள் சின்ன வயதில் சிவப்பு வேண்டும், யானை படம் வேண்டும் என்று அடம்பிடித்தபோது, ராத்திரி உட்கார்ந்து உல்லன் நூலில் பின்னிப் போட்டவர் அவர். அப்போது யாரும் அழுக்கைப் பற்றிப் பேசவில்லை.

[காட்சி: மலையின் பக்கவாட்டுத் தோற்றம். அடிவாரத்திலிருந்து மேலே போகும் வெப்பமானி.]

சரி, முதலில் குளிருக்கு வருவோம். அது சரியானால்தான் மற்றது பேச முடியும். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சுமார் 6 டிகிரி இறங்கும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் 10 டிகிரிக்குக் கீழே போவது இங்கே சாதாரணம்.

வயதானால் இதே குளிர் கூடுதலாகத் தாக்கும். உடம்பில் சூட்டை உண்டாக்குவதில் தசைக்குப் பெரிய பங்கு, அந்தத் தசை குறைகிறது. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு மெலிகிறது. குளிர் பட்டவுடன் தோலின் ரத்தக் குழாய்கள் சட்டென்று சுருங்கிச் சூட்டை உள்ளே பிடித்து வைக்க வேண்டும், அந்த வேலையும் மந்தமாகிவிடுகிறது. இன்னொரு சிக்கல், குளிர்வதே சிலருக்குச் சரியாக உறைப்பதில்லை. "எனக்கொன்றும் குளிரவில்லை" என்று தாத்தா சொன்னாலும் அவர் கையைத் தொட்டுப் பாருங்கள். நேர்மாறாக, வெயிலிலும் குளிர்கிறது என்று ஒருவர் தினமும் சொன்னால், ஸ்வெட்டர் வாங்கப் போகும் முன் டாக்டரிடம் போங்கள். ரத்தசோகையோ தைராய்டோ இருக்கலாம்.

நம்மைச் சூடாக வைப்பது கம்பளி மட்டும் இல்லை. இழைகளுக்கு நடுவே சிக்கி நிற்கும் காற்றுதான் முக்கியம். அதனால் தடியாக ஒன்றைப் போடுவதைவிட மெல்லியதாக இரண்டு மூன்று போட்டால் அடுக்குக்கு நடுவிலும் காற்று நிற்கும், வெயில் வந்தால் ஒன்றைக் கழற்றலாம். நம் விஷயத்துக்கு இதில் ஒரு லாபம் இருக்கிறது. உள்ளே உடம்போடு ஒட்டிய ஒரு தெர்மல் உள்ளாடை, அதற்கு மேல் சேலைக்கு ஜாக்கெட்டாகவே ஒரு முழுக்கை பின்னல் டாப். சூட்டை இவை பார்த்துக்கொண்டால் வெளியே மெல்லியதாக, முன்பக்கம் திறந்த ஒன்று போதும். பதினொரு மணி வெயிலில் பட்டனைக் கழற்றிவிட்டால் சுங்குடி வெளியே வந்துவிடும்.

துணியைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. ரோட்டோரம் தொங்கும் ஸ்வெட்டர்களில் பெரும்பாலானவை அக்ரிலிக் என்ற செயற்கை இழை. மலிவு, அரிக்காது, நிறமும் பளிச்சென்று இருக்கும், தாராளமாக வாங்கலாம். ஆனால் அது நெருப்பில் உருகும், உருகித் தோலில் ஒட்டும். கணப்புப் பக்கம் உட்காரும்போதும் அடுப்படியிலும் அதைக் கழற்றிவிடுங்கள். ஆட்டுக் கம்பளி அவ்வளவு எளிதில் தீப்பிடிக்காது, பனியின் ஈரத்தையும் ஓரளவு தன்னுள் வாங்கிக்கொள்ளும். நம் மன்னவனூரிலேயே மத்திய அரசின் செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே ஆடு பார்க்கப் போகிறவர்கள் கம்பளியையும் தொட்டுப் பார்த்துவிட்டு வரலாம்.

[காட்சி: வெள்ளைச் சேலை. அப்படியே நீலகிரிக் கிராமம் ஒன்றின் திருவிழாக் கூட்டத்துக்கு மாறுகிறது.]

இனி நிறம். "இந்த வயசுல இது என்ன கலர்?" இந்தக் கேள்வி காதில் விழாத பெண் தமிழ்நாட்டில் குறைவு. கணவரை இழந்தவர் என்றால் கேட்கவே வேண்டாம். சமவெளியில் வெள்ளைச் சேலை என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும், வெளிறிய நிறங்களும் அதன் தங்கைகள்தான்.

அப்படியே நீலகிரிக்குப் போங்கள். படகர் ஊர்களில் வெள்ளைதான் மங்கலம். ஹெத்தையம்மன் திருவிழாவுக்கு ஆணும் பெண்ணும் வெள்ளையில் வந்து நிறைவார்கள். வெள்ளை முண்டும் தலைத்துணியுமாக மூத்த பெண்கள் நடந்து வருவதைப் பார்த்தால், அந்த நிறத்தைப் பற்றி நாம் கற்றுக்கொண்டது அத்தனையும் தலைகீழாகிவிடும். தோடர்களிடம் இன்னொரு கணக்கு. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்த பூத்குளி என்ற போர்வையை ஆணும் பெண்ணும் போர்த்துகிறார்கள். பெண்கள் எதையும் வரைந்துகொள்ளாமல் துணியின் இழைகளை எண்ணி எண்ணியே போடும் தையல் அது. 2013-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. வயதாகிவிட்டது, சிவப்பைக் குறை என்று அங்கே பாட்டிகளிடம் யாரும் சொல்வதில்லை.

அதனால் நிறத்துக்கு வயது இருக்கிறது என்று யாராவது சொன்னால், எந்த ஊரில் என்று கேளுங்கள். நான் கேட்டுப் பார்த்தேன், என் அத்தை ஒருவர் இரண்டு வாரம் பேசவில்லை.

கண்ணைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வயதாக ஆக விழி லென்ஸ் லேசாக மஞ்சளிக்கிறது, ஊதாவும் நீலமும் மங்குகின்றன. கருநீலமும் கறுப்பும் ஒன்று போலத் தெரியும். கண்புரை ஆபரேஷன் முடித்தவர்கள் "வெள்ளை இவ்வளவு வெள்ளையா!" என்று ஆச்சரியப்படுவதைக் கேட்டிருப்பீர்கள். அம்மா எடுத்த நிறம் உங்களுக்கு அதிகமாகத் தோன்றினால், அவர் கண்ணுக்கு அது அளவாகத்தான் இருக்கிறதோ என்னவோ. கடையில் டியூப்லைட்டுக்கு அடியில் முடிவு செய்யாமல் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்க்கச் சொல்லுங்கள்.

[காட்சி: தையல் கடை. பழைய ஜாக்கெட் ஒன்று மேஜையில் விரிகிறது.]

தையல் கடைக்கு வந்தால் முதல் எதிரி அளவு ஜாக்கெட். பதினைந்து வருஷத்துக்கு முன் பொருந்திய ஜாக்கெட்டையே இன்னும் அளவுக்குக் கொடுத்துக்கொண்டிருப்போம். இதற்குள் முதுகெலும்புத் தட்டுகள் தேய்ந்து உயரம் குறைந்திருக்கும், மேல் முதுகு கொஞ்சம் வளைந்திருக்கும். முன்பக்கம் தொளதொளவென்று நிற்கும், பின்பக்கம் மேலே ஏறிக்கொள்ளும். உடம்பு கெட்டுவிட்டது என்று நாம் வருத்தப்படுவோம், கெட்டுப்போனது அளவு. புதிதாக டேப் பிடிக்கச் சொல்லுங்கள். பின் உயரத்தைக் கொஞ்சம் கூட்டி முன் உயரத்தைக் குறைத்தால் ஐம்பது வயதில் இருந்த நிமிர்வு கண்ணாடியில் தெரியும். கை தூக்க முடியாதவர்களுக்கு அக்குளில் கூடுதல் துணி. விரல் மூட்டு வலிக்கிறதா? ஹூக்குக்குப் பதில் வெல்க்ரோ வைத்து, மேலே அழகுக்குப் பட்டன் தைத்துவிடலாம். பார்ப்பவருக்குப் பட்டன்தான்.

ஆண்களைப் பற்றி அதிகம் சொல்லவில்லை என்று தாத்தாக்கள் கோபிக்கக் கூடாது. வேட்டிக்கு மேல் கோட்டு, கழுத்தில் மஃப்ளர் என்று மலைக்கென்றே ஒரு கம்பீரம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த மங்கி குல்லாவை மட்டும் பகலிலாவது கழற்றுங்கள், உங்கள் முகத்தைப் பார்த்து நாளாகிறது.

[காட்சி: குறிஞ்சி பூத்த சரிவு. பின்னர் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை.]

பெரியம்மாவிடம் ஒருநாள் என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டேன். இவ்வளவு வருஷத்தில் அதை நான் கேட்டதே இல்லை. யோசிக்கவே இல்லை, "குறிஞ்சி" என்றார். 12 வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் பூ. 1958-ல் அவருக்கு ஏழு வயது, அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தாராம். அப்புறம் 70, 82, 94, 2006, 2018. "அடுத்தது 2030. அதுவரைக்கும் நான் காப்பிப்பொடியாவே திரியணுமாடா?"

நீலமும் ஊதாவும் கலந்த அந்த நிறத்தில் உல்லன் நூல் கிடைக்கவே மூன்று கடை ஏற வேண்டியிருந்தது. அவர் விரலால் இப்போது பின்ன முடியாது, எதிர்வீட்டு அக்கா பின்னினார், பெரியம்மா பக்கத்தில் நாற்காலி போட்டுத் தப்புக் கண்டுபிடித்தார். முன்பக்கம் திறப்பு, பெரிய மர பட்டன்கள், உள்பக்கம் கண்ணாடிக் கூட்டுக்கு ஒரு பை.

போட்டுக்கொண்டு போன முதல் ஞாயிறு, சந்தையில் கேரட் விற்கிறவர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன டீச்சர், குறிஞ்சி முன்னாடியே பூத்துடுச்சா?"

பெரியம்மா ஒரு பட்டனைப் போட்டுக்கொண்டு, "எடையைச் சரியாப் போடு" என்றார்.