‘பார்த்தீங்கன்னா’ என்பது பிழையா? எரிச்சலூட்டும் சொற்கள் பற்றிய கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி, மதுரையிலிருந்து ஒரு ஐயா கேட்டிருக்கிறார். "டிவியிலும் யூடியூபிலும் வாயைத் திறந்தாலே ‘பார்த்தீங்கன்னா’ என்கிறார்கள், எதைப் பார்த்தாலும் ‘வேற லெவல்’ என்கிறார்கள். கேட்கவே எரிச்சலாக இருக்கிறது. இதெல்லாம் தமிழைக் கெடுக்கிறதா, இல்லை எனக்குத்தான் வயதாகிவிட்டதா?"

வயதெல்லாம் காரணம் இல்லை ஐயா, எனக்கும் அந்த எரிச்சல் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் ஒரே குற்றமாகப் பார்க்க முடியாது.

‘பார்த்தீங்கன்னா’ பிழை இல்லை. தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது, அதனால் யாரைப் பற்றி, எதைப் பற்றி என்று சொல்லிவிட்டு மீதியை யோசிக்கிற இடத்தில்தான் இது வந்து விழும், கவனித்துப் பாருங்கள், "இந்தக் கோயில் வந்து பார்த்தீங்கன்னா..." என்றுதான் தொடங்குவார்கள். கேட்பவரைக் கூடவே இழுத்துக்கொண்டு போகிற வேலையையும் அது செய்கிறது. பழைய தமிழிலும் இதற்கு இடம் இருந்தது. தொல்காப்பியம் இடையியலில் மியா, இக, மோ, மதி, இகும், சின் என்று ஆறு சொற்களை முன்னிலை அசைச்சொல் என்கிறார்கள், அதாவது எதிரில் இருப்பவரிடம் பேசும்போது வருகிற, தனிப்பொருள் இல்லாத சொற்கள். பள்ளியில் படித்த குறுந்தொகைப் பாட்டில் தும்பியிடம் "கண்டது மொழிமோ" என்று வருகிறதே, அந்த ‘மோ’ இதுதான். என்ன, அங்கே அளவோடு வருகிறது, இங்கே மூச்சுக்கு மூச்சு வருகிறது. நேரலையில் மழையில் நின்று பேசுகிற செய்தியாளரிடம் நான் இதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். வீட்டில் உட்கார்ந்து பதிவு செய்து, வெட்டி ஒட்டி வெளியிடுகிறவர்கள் நிச்சயம் குறைத்துக்கொள்ளலாம்.

‘வேற லெவல்’ பற்றியும் கவலைப்படாதீர்கள். முன்பு சூப்பர், அப்புறம் செம, இப்போது இது. பிள்ளைகளே கொஞ்ச நாளில் சலித்துப்போய் வேறு ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது வேறு இடத்தில். "தாமிரபரணி ஆற்றைப் பொறுத்தவரைக்கும் வெள்ளத்தின் அளவு என்பது அதிகரித்துக் காணப்படக்கூடிய ஒரு சூழல் நிலவுகிறது" என்று சொல்கிறார்களே, அது. தாமிரபரணியில் வெள்ளம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான் விஷயம், அதைச் சொல்லிவிட்டு எந்தப் பாலத்தில் போகக்கூடாது, எந்தத் தெருவில் தண்ணீர் ஏறுகிறது என்று சொல்லலாம் இல்லையா? கரையோரத்தில் இருக்கிறவர் காத்திருப்பது அதற்குத்தான்.

அதைவிட மோசம் ‘கனமழை’. வானிலைத் துறைக்கு அது அளவுள்ள சொல். 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 6.5 சென்டிமீட்டரைத் தாண்டினால் கனமழை, 11.5-ஐத் தாண்டினால் மிக கனமழை, 20-ஐத் தாண்டினால் அதி கனமழை. அரை மணி நேரம் தூறியதற்கெல்லாம் ‘கொட்டித் தீர்த்த கனமழை’ என்று தலைப்புப் போட்டு, தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றால் ‘வரலாறு காணாத’ என்று போட்டால், உண்மையிலேயே அப்படி ஒன்று வரும்போது சொல்ல என்ன சொல் மிஞ்சும்? 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. அதி கனமழைக்கான எல்லையைப் போல நாலு மடங்குக்கும் மேல். அதற்கும் அதே சொல், அதே பின்னணி இசை என்றால், வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியவர் எப்படிக் கிளம்புவார், வழக்கமாகச் சொல்வதுதானே என்றுதான் உட்கார்ந்திருப்பார்.

‘பரபரப்பு’, ‘அதிர்ச்சி’ எல்லாம் இப்படித் தேய்ந்தவைதான். சாவுச் செய்தியில் "பெரும் சோகத்தை ஏற்படுத்தியுள்ளது" என்று கடைசி வரியில் ஒட்டுவதையும் இதில் சேர்க்கிறேன். அந்த வீட்டுக்காரர்களும் அதைப் படிப்பார்கள், அவர்களுக்கு அந்த ஒட்டு வரி வேண்டாம், விவரம் பிழையில்லாமல் இருந்தால் போதும்.

அதனால் ஐயா, அடுத்த முறை மழைச் செய்தி வந்தால் ‘கனமழை’ என்பதை விட்டுவிட்டு எத்தனை சென்டிமீட்டர், எந்த ஊரில் என்று மட்டும் தேடுங்கள். அது சொல்லப்படவில்லை என்றால் வானிலை மையத்தின் அறிவிப்பையே நேராகப் பாருங்கள், தமிழிலும் வெளியிடுகிறார்கள்.

சரி, அடுத்த கேள்வி.