லாகூர் சைக்கிளும் ஐ.நா. சபையும்

மாண்பமை தலைவர் அவர்களே, தம் அலுவல்களுக்கிடையே வந்து சிறப்பித்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வாணியம்பாடிப் பெருமக்களே, வணக்கம்.

'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்பது நான் ஏறும் மேடைதோறும் சொல்லும் பழமொழி. இன்றைக்காவது அதற்கு ஓய்வு கொடுக்குமாறு செயலாளர் கேட்டுக்கொண்டார். பத்ரஸ் புகாரியைப் பற்றிப் பேச அழைத்துவிட்டு அப்படிக் கேட்பது நியாயமா என்று அவையே தீர்ப்புச் சொல்லட்டும். எழுத்தாளர், வானொலி நிர்வாகி, தூதர் என்ற மூன்று நிலைகளில் அவரைக் காட்ட எண்ணியிருக்கிறேன்.

1898இல் பெஷாவரில் பிறந்து, லாகூரிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்று, லாகூர் அரசுக் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியரான அகமது ஷா புகாரி, 'பத்ரஸ்' என்ற புனைபெயரில் உருதுவில் எழுதிய நகைச்சுவைக் கட்டுரைகளின் சிறு தொகுப்புதான் 'பத்ரஸ் கே மஸாமீன்', அதாவது 'பத்ரஸின் கட்டுரைகள்'. இந்நூலை இலவசமாகப் பெற்றிருந்தால் கொடுத்தவர் எனக்கு உதவியிருக்கிறார், திருடியிருந்தால் உங்கள் ரசனையைப் பாராட்டுகிறேன், காசு கொடுத்து வாங்கியிருந்தால் உங்களுக்கு என் அனுதாபங்கள் என்பது முன்னுரையின் சாரம்.

அதில் ஒரு சைக்கிள் வருகிறது. நண்பர் மிர்ஸாவிடமிருந்து பெருந்தன்மையோடு வாங்கிய வண்டி மறுநாள் காலை வாசலில் நிற்கிறது. அது என்ன பொருள் என்று கதைசொல்லிக்கு விளங்கவில்லை. வேலைக்காரனைக் கேட்டால், சைக்கிள் என்கிறான். எண்ணெய் போடச் சொன்னால், போடும் துளையைக் காணோம் என்கிறான். ஏறி மிதித்தால் ஒவ்வொரு உறுப்பும் தனித்தனிக் குரலில் அலறுகிறது. கைப்பிடி தாழ்கிறது, அதை முறுக்கி நிமிர்த்தினால் இருக்கை இறங்குகிறது. தெருவே வேடிக்கை பார்க்கிறது. ஒரு கட்டத்தில் முன்சக்கரம் கழன்று தன் வழியே உருண்டோட, எஞ்சியதைச் சுமந்து நடந்த நம்மவர், பாலத்தின்மேல் நின்று அத்தனையையும் ஆற்றில் வீசிவிட்டு, நேரே மிர்ஸா வீட்டுக்குப் போய், வண்டியோடு வந்த கருவிகளை மட்டும் திருப்பிக் கொடுக்கிறார். (இங்கே தலைமையாசிரியர் ஐயாவே வாய்விட்டுச் சிரித்ததை மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறேன்.)

பின்னர் அவர் அகில இந்திய வானொலியின் தலைமை இயக்குநரானார். தம்பி சுல்பிகரும் அங்கேயே உயர்பதவியில் இருந்ததால், அதைப் பி.பி.சி., அதாவது 'புகாரி பிரதர்ஸ் கார்ப்பரேஷன்' என்று கேலி செய்தார்கள். வாயுள்ள பிள்ளைகள் இருவர்!

பிரிவினைக்குப் பின் லாகூர் கல்லூரி முதல்வராக இருந்தவர், 1951இல் ஐ.நா.வில் பாகிஸ்தானின் நிரந்தரப் பிரதிநிதியானார். 1952 ஏப்ரலில், பிரெஞ்சு ஆதிக்கத்தின் கீழ் இருந்த வட ஆப்பிரிக்க நாடான துனிசியாவின் விவகாரத்தைப் பாதுகாப்பு அவை விவாதிக்க வேண்டும் என்று வாதாடினார். ஐந்து வாக்குகளே கிடைத்தன, கோரிக்கை தோற்றது. பிறகு ஐ.நா.வின் செய்தித்துறைத் தலைமைப் பொறுப்பேற்று, 1958இல் நியூயார்க்கில் காலமானார். தூதுப்பணியை விரிவாகச் சொல்ல ஆசைதான். ஆனால் மணி அடித்துவிட்டார்கள், என் கோரிக்கை இன்னும் பாக்கியிருக்கிறது.

இந்த ஊரில் பத்ரஸை உருதுவிலேயே படித்துச் சிரித்தவர்கள் இருக்கிறார்கள். அடுத்த வீட்டுத் தமிழ் வாசகருக்கோ பெயர்கூடத் தெரியாது. ஆங்கிலத்தைச் சுற்றி வராமல், இங்கேயே இரு மொழியும் பேசுவோரைக் கொண்டு உருதுவிலிருந்து நேரடியாகத் தமிழாக்கம் செய்ய நூலகத் துறை நிதி ஒதுக்க வேண்டும். வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும் என்பதால் வாய்திறந்து கேட்கிறேன். மனு பின்வரிசை மேசையில் இருக்கிறது. தேநீருக்குப் போகுமுன் கையெழுத்திடுங்கள், முதல் கையெழுத்தை நகர்மன்றத் தலைவர் அவர்களிடம் எதிர்பார்க்கிறேன். நன்றி, வணக்கம்.