பாராளுமன்றத்தை எட்டாத ஆகாயக் கப்பல்

நேயர்களுக்கு வணக்கம்.

வாயு நிரப்பிய பெரிய பையும் இன்ஜினும் கொண்டு பறக்கும் ஆகாயக் கப்பலில் அரசியல் பிரசாரம் என்றால் பலருக்கும் ஹிட்லரின் ஜெர்மனிதான் நினைவுக்கு வரும். 1936 மார்ச்சில், வாக்கெடுப்புக்கு முன்பு, ஹிண்டன்பர்க், கிராஃப் ஜெப்பெலின் என்ற இரண்டு கப்பல்களும் ஊர் ஊராகப் பறந்து நோட்டீஸ் போட்டன, ஒலிபெருக்கியில் முழங்கின. சரி, அது அரசாங்கமே செய்தது. நான் சொல்ல வந்தது அதற்கு 27 வருஷம் முந்தைய கதை. அதில் இருந்தது ஒரு கூடை, இரண்டே பேர்.

1909 பிப்ரவரி 16. லண்டனில் பாராளுமன்றக் கூட்டத்தொடரைத் தொடங்கிவைக்க மன்னர் ஏழாம் எட்வர்ட் ஊர்வலமாக வருகிறார். அன்று மதியம் லண்டனின் வடமேற்கில் உள்ள ஹெண்டனிலிருந்து சுமார் 80 அடி நீள வாயுப்பை ஒன்று எழும்புகிறது. அதன் பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் ‘பெண்களுக்கு வாக்குரிமை’. கீழே தொங்கும் கூடையில் ஓட்டுநர் ஸ்பென்சரும், முரியல் மேட்டர்ஸ் என்ற நடிகையும்.

முரியல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டைச் சேர்ந்தவர். அங்கே பெண்களுக்கு 1894-லேயே வாக்குரிமை வந்துவிட்டது. லண்டனிலோ அப்போது பெண்கள் பாராளுமன்றத்தை வேடிக்கை பார்ப்பதே ஒரு கம்பித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்துதான்! 1908 அக்டோபரில் அந்தத் தடுப்போடு தன்னைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார் முரியல். கடைசியில் தடுப்பையே பெயர்த்து, அவரோடு சேர்த்து வெளியே கொண்டுபோனார்கள்.

இந்த முறை வானத்தில். போலீஸ் எப்படிப் பிடிக்கும்? மன்னர் தலைக்கு மேலே நோட்டீஸ் கொட்டுவதுதான் திட்டம். 56 பவுண்டு, அதாவது சுமார் 25 கிலோ நோட்டீஸ் ஏற்றியிருந்தார். ஆனால் அந்தச் சின்ன இன்ஜினால் காற்றை எதிர்க்க முடியவில்லை. பாராளுமன்றம் ஒரு பக்கம் கிடக்க, கப்பல் தெற்கே ஒதுங்கி, ஒன்றரை மணி நேரம் கழித்து சர்ரேயில் கூல்ஸ்டன் என்ற ஊரில் இறங்கியது. தோல்விதானே என்பீர்கள். ஆனால் மன்னர் பார்க்காததை ஊர் பார்த்தது, பத்திரிகைகளும் விடவில்லை.

பிறகு 1939-இல் முரியலே பிபிசி வானொலியில் இதைச் சொன்னார். நடுவானில் ஸ்பென்சர் எதையோ சரிசெய்யக் கூடையைவிட்டு வெளியே ஏறி, சட்டத்தில் சிலந்தி மாதிரி ஊர்ந்து போனாராம். அவர் விழுந்துவிட்டால் கப்பலை ஓட்டத் தனக்கு ஒன்றுமே தெரியாது என்பது அப்போதுதான் முரியலுக்கு உறைத்ததாம். ஆனால் கவலைப்பட நேரமில்லை, கை நிறைய நோட்டீஸ் இருந்தது.