இருநூறு பீடிக்கு யார் கூலி கொடுப்பது? – வீட்டில் நோயாளி, கையில் வேலை, நடுவில் ஒரு ஆராய்ச்சி

[காட்சி: திருநெல்வேலி மாவட்டம், முக்கூடல் பக்கம் ஒரு தெரு. காலை ஆறரை மணி. திண்ணையில் ஒரு பெண், மடியில் சுளகு.]

ராத்திரியே நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்த பீடி இலை. தகட்டை வைத்து அளவாக வெட்டி முடித்தாயிற்று. மடியில் சுளகு, சுளகில் புகையிலைத் தூள், பக்கத்தில் நூல்கண்டு. இலையை எடு, தூளை வை, உருட்டு, நூலைச் சுற்று, தலையை மடக்கு. அந்த வேகத்தில் எது முன்னே எது பின்னே என்று நம் கண்ணுக்குப் பிடிபடாது. நல்ல கை என்றால் மணிக்கு நூறு பீடி வரை வரும்.

உள்ளே கட்டிலில் மாமியார். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோய் மூன்று வருஷம். "ஏளா..." என்று ஒரு குரல்.

"இந்தா வாரேன் அத்தை."

சுளகு கீழே இறங்குகிறது. நேரே உள்ளே போக முடியாது. நகக்கண்ணில் எல்லாம் தூள். கஞ்சி ஊட்டும் முன் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவ வேண்டும். ஒரு நாள் சரியாகக் கழுவாமல் ஊட்டப்போய் பெரியவருக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்துவிட்டது. சரி, கஞ்சி கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று. திரும்ப வந்தால் கை ஈரம். ஈரக் கையில் தூள் அப்பிக்கொள்ளும். முந்தானையில் துடைத்து, கை காயும்வரை கொஞ்ச நேரம் சும்மா உட்கார வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குக் கூலி கிடையாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இது குறிப்பிட்ட ஒரு வீடு இல்லை. நான் உட்கார்ந்து பேசிய மூன்று நான்கு வீடுகளை ஒன்றாக்கிச் சொல்கிறேன்.

[காட்சி: திரையில் ஒரு கேள்வித்தாள். "நீங்கள் பராமரிப்பாளரா? ஆம் / இல்லை"]

சம்பளமில்லாமல் வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொண்டு, கூடவே சம்பளத்துக்கும் வேலை செய்கிறவர்களுக்கு எப்படித் துணை நிற்பது? இதை ஒருவர் மூன்று நான்கு வருஷம் உட்கார்ந்து ஆராய வேண்டுமென்றால் அதற்குக் காசு யார் தருவது? இந்த வீடியோ அதைப் பற்றித்தான். ஆனால் காசுக்குப் போகும் முன் இந்தக் கேள்வித்தாளைப் பாருங்கள். திண்ணையில் இருக்கும் அந்தப் பெண்ணிடம் இதை நீட்டினால் "இல்லை" என்றுதான் பதில் வரும். பராமரிப்பாளர் என்பது ஆஸ்பத்திரி போர்டில் இருக்கிற சொல். எங்கள் ஊரில் "அத்தைக்கு முடியல, நாந்தான் பாத்துக்கிடுதேன்" என்பார்கள். அது அவருக்கு ஒரு வேலையாகவே தோன்றாது. இன்னொரு கேள்வி கேளுங்கள், "நீங்க வேலைக்குப் போறீங்களா?" அதற்கும் "இல்ல, வீட்டுலதான் இருக்கேன், பீடி சுத்துதேன்" என்று பதில் வரும்.

இரண்டு வேலை செய்கிற ஒருவர், இரண்டு கேள்விக்கும் இல்லை என்று சொல்லிவிட்டார். மேலப்பாளையத்திலும் ஆலங்குளத்திலும் கடையத்திலும் இதே கேள்வியோடு போனால் இதே கதைதான். சென்னையிலோ வெளிநாட்டிலோ தயாரித்த கேள்வித்தாளை மொழிபெயர்த்துக்கொண்டு வந்து இந்தத் தெருவில் நிரப்ப முடியாது. இங்கே வளர்ந்து, "பாத்துக்கிடுதேன்" என்ற சொல்லைக் காதில் பிடிக்கத் தெரிந்தவர்தான் இதை ஆராய வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

[காட்சி: 24 மணி நேரக் கடிகாரம், அரை மணிக் கட்டங்களாகப் பிரிகிறது.]

அரசாங்கம் எண்ணவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-லும் 2024-லும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. காலை நான்கு மணியிலிருந்து மறுநாள் காலை நான்கு மணிவரை, அரை மணிக்கு அரை மணி என்ன செய்தீர்கள் என்று கேட்டு எழுதுவார்கள். 2024 கணக்குப்படி 15 முதல் 59 வயது வரையான பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டில் யாரையாவது பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு அதில் ஒரு நாளைக்குச் சராசரியாக 140 நிமிடம் போகிறது. ஆண்களில் 21.4 சதவீதம் பேர், 74 நிமிடம்.

நல்ல கணக்குதான். ஆனால் நம் திண்ணைக்கு வாருங்கள். ஒன்பதிலிருந்து ஒன்பதரை வரை அவர் என்ன செய்தார்? பீடி சுற்றினார். கை பீடியில் இருந்தது, சரி. காது? காது முழுக்கக் கட்டிலில். இருமல் சத்தம் மாறுகிறதா, எழுந்திருக்கப் பார்க்கிறாரா, விழுந்துவிடுவாரா என்று. அந்தக் காதுதான் அவரை மில்லுக்கும் கடைக்கும் போக விடாமல் வீட்டில் உட்கார வைத்தது. பீடி அவராக விரும்பித் தேர்ந்தெடுத்த தொழில் இல்லை, கட்டிலுக்குப் பக்கத்திலேயே செய்ய முடிகிற தொழில். எந்தக் கட்டத்தில் அந்தக் காதை எழுதுவது?

ஒரு முனைவர் பட்டத்துக்கு இந்தக் கேள்வி ஒன்றே போதும் என்பேன்.

[காட்சி: வரைபடம் பிரிட்டன் பக்கம் நகர்கிறது.]

வெளியே என்ன நடக்கிறது என்று ஒரு பார்வை. பிரிட்டனில் இது பெரிய ஆராய்ச்சித் துறை. ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தைத் தலைமையாகக் கொண்டு 2021 முதல் சென்டர் ஃபார் கேர் என்ற மையம் அரசு ஆராய்ச்சி நிதியில் இயங்குகிறது. 2021 மக்கள்தொகைக் கணக்கில் இங்கிலாந்து, வேல்ஸில் மட்டும் சுமார் 50 லட்சம் பேர் தாங்கள் சம்பளமில்லாமல் ஒருவரைப் பார்த்துக்கொள்வதாகப் பதிந்தார்கள். 2023-ல் சட்டம் போட்டு, 2024 ஏப்ரல் 6 முதல், வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே வருஷத்துக்கு ஒரு வாரம் இதற்காக விடுப்பு எடுக்கலாம் என்று ஆக்கினார்கள். சம்பளமில்லாத விடுப்புதான். வாரத்துக்கு 35 மணி நேரம் பார்த்துக்கொள்பவருக்கு உதவித்தொகையும் உண்டு. அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 2025 ஏப்ரல் கணக்குப்படி வாரச் சம்பளம் 196 பவுண்டைத் தாண்டினால் உதவித்தொகை முழுவதும் போய்விடும். ஒரு பவுண்டு கூடச் சம்பாதித்தால் மொத்தமும் நஷ்டம்.

அங்கே ஆராய்ச்சி மாணவருக்கு அரசு நிதி அமைப்பு தருகிற குறைந்தபட்ச உதவி 2025-26-ல் வருஷத்துக்கு 20,780 பவுண்டு. பகுதி நேரமாகப் படித்தாலும் அந்த நேரத்துக்கு ஏற்ற விகிதத்தில் வாங்கலாம். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சத்தில் திரும்பி வருகிறேன்.

விடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்ணுக்கு அந்த ஒரு வாரம் பயன்படுமா? கடை ஊழியர்கள் உட்காருவதற்கே இங்கே 2021-ல் சட்டம் திருத்த வேண்டியிருந்தது. காலையில் உள்ளே நுழையும்போதே செல்போனை வாங்கி வைத்துக்கொள்ளும் கடைகள் உண்டு. வீட்டில் அப்பா விழுந்தார் என்றால் சாயங்காலம்தான் தெரியும். அவருக்கு முதலில் வேண்டியது போன். பீடி சுற்றுகிறவருக்கு வேண்டியதோ வேறு. ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்கக் காலையில் நிற்க வேண்டும், இலையும் தூளும் தந்து பீடியை வாங்கிக்கொள்ளும் பீடிக்கடையில் கட்டிய பீடியைக் கொடுக்க வேண்டிய நேரமும் அதுவே. பக்கத்து வீட்டு மதினிதான் கொண்டுபோய்க் கொடுக்கிறார். சரியில்லை, கழிவு என்று எத்தனை பீடியை ஒதுக்கினார்கள் என்று இவருக்குத் தெரியாது. நாலு மாசம் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தால் பாஸ்புக்கில் நாலு மாசம் வெற்று. பி.எஃப். கணக்கும் அங்கேயே நின்றுவிடும். வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறவர்களுக்கும் பி.எஃப். உண்டு என்று உச்ச நீதிமன்றமே சொல்லி நாற்பது வருஷம் ஆகிறது. இடையில் விட்டுப்போன மாசங்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

[காட்சி: அபிஷேகப்பட்டி, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக வாசல்.]

இப்போது காசுக்கு வருவோம். 1990-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சேர்ந்து படிக்க யாருக்கு என்ன கிடைக்கும்?

பெரிய கதவு, நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வு வழியாக வரும் ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை. 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருஷத்துக்குப் பிறகு 42,000. வீட்டு வாடகைப் படி தனி. ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். என்கிற இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகமும் தருகிறது, மாநில அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகையும் இருக்கிறது. இன்னும் சில உண்டு, அவற்றின் விதிகளைப் படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கதவில் எழுதியிருப்பதை வாசிக்கலாம். ஜே.ஆர்.எஃப்-க்கு வயது வரம்பு 30. பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்து வருஷம் தளர்வு. கூடவே, முழுநேரமாகப் படிக்க வேண்டும். எம்.ஏ. முடித்துவிட்டு ஆச்சியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் தங்கிய ஒரு பெண், ஆச்சி போன பிறகு அம்மாவுக்கும் முடியாமல் போய், நிமிர்ந்து பார்க்கும்போது வயது 36. கதவு அடைத்தாயிற்று. பகுதி நேரமாகச் சேரலாம், ஆனால் உதவித்தொகை கிடையாது. பிரிட்டனை மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்குத்தான்.

யுஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 முனைவர் பட்ட விதிகள் கொஞ்சம் இளகியிருக்கின்றன. ஆறு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும், மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு, பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடு உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் இன்னும் இரண்டு. பெண்களுக்குப் பிரசவ, குழந்தை பராமரிப்பு விடுப்பாக 240 நாள். நல்லதுதான். ஆனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ளத்தான் விடுப்பு. கட்டிலில் கிடக்கிற அப்பாவுக்கு இல்லை. பார்த்துக்கொள்வது மகன் என்றால் எதுவுமே இல்லை.

இந்த இடத்தில் என் கதை, சுருக்கமாக. நானும் பகுதி நேரமாகப் பதிவு செய்தவன்தான். அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தது, வாரத்துக்கு மூன்று நாள். வேலை பார்த்த இடத்தில் நேரத்தை மாற்றித் தரக் கேட்டேன். "வீட்டுல லேடீஸ் யாரும் இல்லையாப்பா?" என்றார் மேலாளர். பல்கலைக்கழகப் படிவத்தில் கால நீட்டிப்புக்குக் காரணம் எழுதும் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் "சொந்தக் காரணம்" என்று எழுதினேன். அதற்குமேல் அந்தப் படிவம் நகரவில்லை, நானும்தான்.

[காட்சி: கணக்கு நோட்டு. பேனா.]

கம்பெனிகளிடம் கேட்கலாமே என்பீர்கள். 2013 கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். அந்தப் பட்டியலில் முதியோர் பகல்நேரக் காப்பகம் இருக்கிறது. பல்கலைக்கழக ஆராய்ச்சியும் இருக்கிறது, ஆனால் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், மருத்துவம் என்றுதான் எழுதியிருக்கிறது. சமூகவியல் இல்லை. காப்பகம் கட்டப் பணம் கிடைக்கும், அதில் எத்தனை மணிக்குக் கதவைத் திறந்தால் பீடிக்கடைக்குப் போய் வர முடியும் என்று விசாரிப்பதற்குக் கிடைப்பது சிரமம். ஒரு வழி உண்டு. காப்பகத் திட்டத்துக்குள்ளேயே விசாரணையையும் ஒரு செலவாகச் சேர்த்துக் கேட்கலாம். கங்கைகொண்டான் சிப்காட்டில் ஆலை வைத்திருப்பவர்களுக்கு இது தங்கள் தொழிலாளர்களின் பிரச்சினையும்கூட.

யார் நிதி கொடுத்தாலும் சரி, கேட்கும்போது இரண்டு செலவை விட்டுவிடாதீர்கள். சமூக அறிவியல் ஜே.ஆர்.எஃப்-ல் சில்லறைச் செலவுக்கு முதல் இரண்டு வருஷமும் ஆண்டுக்கு 10,000 ரூபாய்தான் வரும். பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் அது போய்விடும். அதனால் தனியாகக் கேளுங்கள். ஒன்று, நீங்கள் பேட்டி எடுக்கும் நேரத்தில் நோயாளி பக்கத்தில் உட்கார ஓர் ஆள். தெருவிலேயே ஒரு சித்தியோ மதினியோ கிடைப்பார்கள், அவருக்குக் காசு கொடுங்கள், ஓசியில் உட்கார வைக்காதீர்கள். இல்லாவிட்டால் உங்கள் பேட்டி முழுக்கப் பாதிக் காதோடுதான் நடக்கும்.

இன்னொன்று, பதில் சொல்கிறவரின் நேரம். இரண்டு மணி நேரம் பேசினால் அவருக்கு இருநூறு பீடி நஷ்டம். பராமரிப்புக்குக் கூலி இல்லை என்று எழுதப்போகிற ஆய்வேட்டுக்காக அவரிடம் இன்னும் இரண்டு மணி நேரம் இனாமாக வாங்கக் கூடாது இல்லையா? கைடு ஆட்சேபிப்பார், காசு கொடுத்தால் பதில் மாறிவிடும் என்று. நியாயமான பயம். அதனால் பதிலுக்கு இல்லாமல் நேரத்துக்கு என்று எழுதுங்கள், பேச உட்காரும் முன்பே கொடுத்துவிடுங்கள், நடுவில் எழுந்து போனாலும் திருப்பிக் கேட்காதீர்கள். வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், ஆடிட்டுக்கு அது வேண்டும்.

எவ்வளவு கொடுப்பது என்று குழம்ப வேண்டாம். அன்றைக்கு அந்தப் பீடிக்கடையில் ஆயிரத்துக்கு என்ன கூலியோ, அதில் ஐந்தில் ஒரு பங்கு.