டிமொய்னில் என்ன இருக்கிறது? கோவைத் தம்பியின் கேள்விக்குப் பதில்

வணக்கம். போன வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. சமைக்கும்போதும் அதே நினைப்பு, வண்டி ஓட்டும்போதும் அதே நினைப்பு. கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். முழுசாகவே வாசித்துவிடுகிறேன்: "அண்ணா, அயோவா மாநிலத்தில் டிமொய்ன் என்கிற ஊரில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. நியூ ஜெர்சியில் இருக்கும் நண்பர்கள் எல்லோரும், அங்கே மக்காச்சோளக் காட்டைத் தவிர ஒன்றும் இல்லை, யோசித்துப் போ என்கிறார்கள். மனைவியும் ஆறு வயதுப் பையனும் கூட வருகிறார்கள். நீங்கள் அந்த ஊரில்தான் இருக்கிறீர்கள் என்று பழைய வீடியோவில் பார்த்தேன். அங்கே உண்மையில் என்னதான் இருக்கிறது?"

சரி தம்பி, முதலில் நடைமுறை விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஊர்ப் பெயரை எழுதும்போது இரண்டு 'எஸ்' வரும், இரண்டையும் உச்சரிக்கக் கூடாது. ஊரில் இரண்டு லட்சத்துச் சொச்சம் பேர், சுற்றுப்புறம் எல்லாம் சேர்த்தால் ஏழு லட்சம் வரும். இன்சூரன்ஸ்தான் ஊரின் பெரிய தொழில், அதனால் நம்மவர்கள் நிறையப் பேர் அந்த வேலையில் இருக்கிறார்கள். கார் இல்லாமல் முடியாது. ஜனவரியில் மைனஸ் இருபது டிகிரி வரை போகும் நாட்கள் உண்டு, நல்ல கோட்டும் ஷூவும் இங்கே வந்து வாங்கிக்கொள்ளுங்கள், அங்கே வாங்கிச் சுமந்து வராதீர்கள். டவுன்டவுனில் கட்டடத்துக்குக் கட்டடம் முதல் மாடி உயரத்தில் கண்ணாடிப் பாலம் போட்டு இணைத்திருக்கிறார்கள், ஸ்கைவாக் என்பார்கள், எல்லாம் சேர்த்து நான்கு மைல் அளவுக்கு நீளும். குளிர்காலத்தில் வெளிக்காற்றே படாமல் ஆபீஸிலிருந்து சாப்பாட்டுக் கடை வரை நடந்து போய்விடலாம். கோயிலுக்கு வடக்கே மேட்ரிட் என்ற சின்ன ஊர்ப் பக்கம் போக வேண்டும். போனால் சாமி கும்பிட்டுவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள், பக்கத்திலேயே பழைய ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக மாற்றி, ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேலே அரை மைல் நீளத்துக்கு ஒரு பாலம் வைத்திருக்கிறார்கள், 2011இல் திறந்தது. அந்தப் பக்கம் ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன, அந்த நினைவாகச் சுரங்கத்துக்குள் இறங்குவது போலச் சட்டங்களைச் சுற்றிச் சுற்றி வைத்து, இருட்டினால் நீல விளக்குப் போடுகிறார்கள். பையனை அங்கே ராத்திரி கூட்டிக்கொண்டு போங்கள்.

இதெல்லாம் யாரும் சொல்லக்கூடியதுதான். ஆனால் புது ஊருக்குக் குடிபோகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஒன்று இருக்கிறது, தொடர்ந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும், சென்னை ஏரிகளைப் பற்றிப் பேசியபோதும் சொன்னேன்: ஒரு ஊருக்குப் போனால் முதலில் அந்த ஊர்க் குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். நீங்கள் கோவைக்காரர், உங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சிறுவாணித் தண்ணீர் என்று சொன்னாலே கோவைக்காரர் முகத்தில் ஒரு மலர்ச்சி வரும் இல்லையா, அந்த ஊர்க்காரன் என்பதே அதற்குள் இருக்கிறது. அந்த மாதிரி ஒரு பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. கேட்டால்தான் வெளியே வரும்.

டிமொய்னில் இரண்டு ஆறுகள் ஓடுகின்றன. ஒன்று ஊர்ப் பெயரையே கொண்ட டிமொய்ன் ஆறு, இன்னொன்று ரக்கூன் ஆறு. டவுன்டவுனுக்குத் தெற்கே, பேஸ்பால் மைதானத்தை ஒட்டி இரண்டும் கூடுகின்றன. நம் ஊராக இருந்தால் கூடுதுறை என்று பெயர் வைத்துப் படித்துறை கட்டியிருப்போம். குடிதண்ணீர் பெரும்பாலும் இந்த ஆறுகளில் இருந்துதான். தண்ணீர் சுத்திகரிக்கும் நிலையத்தைச் சுற்றிப் பெரிய பூங்கா ஒன்று இருக்கிறது, வசந்த காலத்தில் அங்கே காட்டு ஆப்பிள் மரங்கள் வெள்ளையும் ரோஸுமாகப் பூத்து நிற்கும், ஊரே குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து படம் எடுக்கும்.

நாங்கள் வந்த முதல் ஏப்ரலில் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம், அவருக்கு அப்போதே எழுபதைத் தாண்டியிருக்கும், வேலி ஓரம் நின்றபடி இந்தக் கேள்வியைக் கேட்டேன். "இந்த ஊர்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" அதுவரை எங்களுக்குள் வானிலையைத் தாண்டிப் பேச்சே போனதில்லை. அன்று அவர் கையுறையைக் கழற்றி வேலி மேல் வைத்துவிட்டு, "93ஐப் பற்றி உனக்கு யாரும் சொல்லவில்லையா?" என்றார்.

1993 ஜூலையில் அந்தப் பக்கம் முழுக்கப் பெருவெள்ளம். ஜூலை 11ஆம் தேதி ரக்கூன் ஆறு கரையைத் தாண்டி அந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குள்ளேயே புகுந்துவிட்டது. இரண்டரை லட்சம் பேருக்குக் குழாயில் தண்ணீர் இல்லை. பன்னிரண்டு நாள் குழாய் வறண்டு கிடந்தது, அப்புறம் தண்ணீர் வந்தும் அதைக் குடிக்கலாம் என்று சொல்ல இன்னும் ஒரு வாரம் ஆனது. ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் தண்ணீர், குடிக்கச் சொட்டுக் கிடையாது. லாரிகளில் தண்ணீர் கொண்டுவந்து நிறுத்தினார்கள், எல்லோரும் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பாட்டி என்னைத் தன் வீட்டு நிலவறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். வெள்ளைப் பிளாஸ்டிக் கேன் நான்கு, கைப்பிடியில் அவருடைய கணவர் சுற்றிய கறுப்பு டேப் அப்படியே இருந்தது. கணவர் தவறிப்போய் வருஷமாகிவிட்டது, கேன்களைப் பாட்டி தூக்கிப் போடவில்லை. கோடையில் கூரைத் தண்ணீரைப் பிடித்துக் கழிவறைக்கு ஊற்றியது, தெருவில் கிணறு வைத்திருந்த ஒரு வீட்டுக்காரர் யார் வந்தாலும் குளிக்க விட்டது, எல்லாவற்றையும் சொன்னார். சென்னையில் குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தவன் நான். அவர் சொன்னதில் எனக்குப் புரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை. அன்றிலிருந்து அந்த வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் போக்குவரத்து.

இதைத்தான் சொல்ல வருகிறேன். என்ன இருக்கிறது என்று கேட்டால் இந்த ஊர்க்காரர்கள் அடக்கமாக, பெரிதாக ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார்கள். தண்ணீரைப் பற்றிக் கேட்டால் விடிய விடியப் பேசுவார்கள்.

பழகுவார்களா என்று உங்கள் மனைவி கேட்டதாகவும் கடைசியில் எழுதியிருந்தீர்கள். முதல் பெரிய பனி விழுந்த காலை நாங்கள் எழுந்து கதவைத் திறந்தால் வாசல் பாதை சுத்தமாக இருந்தது, எதிர்வீட்டுக்காரர் தன் இயந்திரத்தை எங்கள் பக்கமும் ஓட்டிவிட்டுப் போயிருக்கிறார். என் மனைவி ஒரு டப்பா நிறையத் தேங்காய்ப்பால் முறுக்குக் கொடுத்தனுப்பினாள். பத்து நாள் கழித்து டப்பா திரும்பி வந்தது, உள்ளே வாழைப்பழ ரொட்டி. பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று நம் அம்மாக்கள் சொல்வார்களே, அதே பழக்கம் அந்த வீட்டிலும் இருந்தது. அந்த டப்பா இன்றைக்கு வரை எங்கள் வீட்டில் நிரந்தரமாகத் தங்கியதே இல்லை. வெளியாட்களும் இந்த ஊருக்குப் புதிதில்லை. 1975இல் ராபர்ட் ரே என்பவர் இங்கே ஆளுநராக இருந்தபோது, வியட்நாம் போரால் ஊரைவிட்டு ஓடிவந்த 'தாய் டாம்' என்ற இன மக்களைப் பிரிக்காமல் ஒரே கூட்டமாக வரவழைத்துக் குடியமர்த்தினார். அதற்குப் பின்னும் போஸ்னியாவில் இருந்து, பர்மாவில் இருந்து என்று வந்துகொண்டே இருக்கிறார்கள்.

பையனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெக்கர்ஸ் நைட் என்று ஒரு இரவு. மற்ற ஊர்களில் ஹாலோவீனுக்குப் பிள்ளைகள் வேஷம் போட்டு வந்து நின்றாலே மிட்டாய் கொடுத்துவிடுவார்கள். டிமொய்னில் அப்படி இல்லை, ஒரு ஜோக் சொல்ல வேண்டும், சொன்னால்தான் மிட்டாய். நாங்கள் வந்த காலத்தில் அது அக்டோபர் 30, மற்ற ஊர்களுக்கு ஒரு நாள் முன்பே. எங்கள் மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு, இங்கிலீஷ் பேசக் கூச்சம். ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று ஒரே ஜோக்கை மனப்பாடம் செய்தாள்: மாட்டுக்கு ஏன் மணி கட்டுகிறார்கள்? அதன் கொம்பு ஊதாதே, அதனால்தான். முதல் வீட்டில் குரல் வெளியே வரவில்லை. அந்த வீட்டு அம்மா படியில் உட்கார்ந்து காதை அவள் பக்கம் சாய்த்துக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எட்டாவது வீட்டில் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். மறுநாள் போனில் பாட்டிக்குத் தமிழில் சொன்னாள், கொம்பு நம் பாஷையிலும் ஊதுகிற கொம்புதானே, பாட்டிக்கும் சிரிப்பு. உங்கள் பையனுக்கு இப்போதே ஒரு ஜோக் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

ஆகஸ்டில் மாநிலக் கண்காட்சி. பதினொரு நாள், பத்து லட்சம் பேருக்கு மேல் வருவார்கள். குளிரூட்டிய கண்ணாடி அறைக்குள் வெண்ணெயில் ஒரு முழுப் பசுமாடு நிற்கும், 1911இல் தொடங்கிய வழக்கம். உள்ளே மரமும் கம்பியுமாகச் சட்டம், அதன் மேல் 270 கிலோ அளவுக்கு வெண்ணெய். அதே வெண்ணெயை எடுத்து வைத்து அடுத்தடுத்த வருஷமும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அங்கே போனால் வெண்ணெய்ப் பசுவோடு நிற்காமல் கால்நடைக் கொட்டகைக்குப் போங்கள். பதினான்கு வயதுப் பெண் தான் வளர்த்த கன்றுக்குப் பக்கத்தில் வைக்கோல் மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கும். நம் ஊரில் மாட்டுப் பொங்கலன்று பார்க்கிற முகம் அது.

இப்போது அந்த மக்காச்சோளத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் நண்பர்கள் சொன்னது ஒரு விதத்தில் சரிதான், சோளம்தான். ஆனால் நாம் வேகவைத்துத் தின்கிற இனிப்புச் சோளம் அதில் கொஞ்சம்தான். சாலையின் இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய வரை நிற்கிறதே, அது எத்தனாலுக்கும் பன்றித் தீவனத்துக்கும் போகிறது. மாநிலத்தில் மனிதர்கள் சுமார் 32 லட்சம், பன்றிகள் இரண்டு கோடிக்கும் மேல். இந்த நிலத்தின் வடபகுதி ஒரு காலத்தில் சதுப்பும் குட்டையும் ஆளுயரப் புல்லுமாக இருந்தது. வந்து குடியேறியவர்கள் மண்ணுக்கு அடியில் குழாய் பதித்துத் தண்ணீரை வடித்துத்தான் வயலாக்கினார்கள். இன்றைக்கும் அந்தக் குழாய்கள் வேலை செய்கின்றன. வயலில் போட்ட உரத்தின் நைட்ரேட்டும், பன்றிச் சாணத்தில் உள்ளதும், மழை பெய்தால் அந்தக் குழாய் வழியாக நேரே ஆற்றுக்கு. ஆற்றில் இருந்து? நம் வீட்டுக் குழாய்க்கு. கைக்குழந்தைகளுக்கு நைட்ரேட் ஆகாது. ஒரு லிட்டரில் பத்து மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம், அதற்காகவே நைட்ரேட்டைப் பிரித்தெடுக்கும் பெரிய நிலையம் ஒன்றை 1990களின் தொடக்கத்தில் கட்டினார்கள். 2015இல் தண்ணீர் நிர்வாகம் மேல்பகுதியில் இருக்கும் மூன்று மாவட்டங்கள் மீது வழக்கே போட்டது, 2017இல் தள்ளுபடியானது. 2025 ஜூனில் நைட்ரேட் அதிகமானபோது புல்வெளிக்குத் தண்ணீர் விடாதீர்கள் என்று தடை போட்டார்கள். மேல்மடைக்காரர், கீழ்மடைக்காரர் தகராறு நமக்குத் தெரியாததா?

தம்பி, நீங்கள் என்னிடம் கேட்டிருக்கலாமே என்று நான் ஆசைப்பட்ட கேள்வி இதுதான். அங்கே எனக்கு என்ன இருக்கிறது என்பதை விட, அங்கே இருக்கிறவர்கள் எதற்காகக் கவலைப்படுகிறார்கள் என்று கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். எதிர்வீட்டுக்காரரின் அண்ணன் விவசாயி, பக்கத்து வீட்டுப் பாட்டியின் பேத்திக்குக் கைக்குழந்தை. இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து இந்தத் தண்ணீரைப் பற்றிப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். கோபம் உண்டு, ஆனால் யாரும் எழுந்து போனதில்லை.

டிமொய்ன் ஆற்றின் கரையிலேயே ஒரு பழைய கல் கட்டடம் இருக்கிறது. முன்பு நகர நூலகம், இப்போது உலக உணவுப் பரிசின் மண்டபம். அயோவா மண்ணில் பிறந்த கோதுமை விஞ்ஞானி நார்மன் போர்லாக் ஏற்படுத்திய பரிசு. அதை 1987இல் முதன்முதலாகப் பெற்றவர் கும்பகோணத்தில் பிறந்த நம் எம். எஸ். சுவாமிநாதன். அந்தப் பரிசுப் பணத்தை வைத்துத்தான் சென்னையில் தன் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். முதல் தடவை அந்தக் கட்டடத்துக்குள் அவர் பெயரைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இன்னொன்றையும் நினைத்துப் பார்த்தேன். பசுமைப் புரட்சியின் நடுவில் நின்றுகொண்டே, ரசாயனத்தைக் கணக்கில்லாமல் கொட்டினால் மண் கெட்டுப்போகும் என்று 1968லேயே எச்சரித்தவர் அவர். அவர் பெயர் இருக்கிற கட்டடத்தின் பக்கத்தில்தான் அந்த ஆறு ஓடுகிறது. காவிரிக்கரையில் பிறந்தவர் சொன்ன அந்த எச்சரிக்கைதான் இன்றைக்கு அந்த ஆற்றைக் குடிக்கிற என் வீட்டு விஷயம்.

அதனால் வாருங்கள். ஜூலையில் வந்தால் சனிக்கிழமைச் சந்தைக்குப் போய் அன்று காலை ஒடித்த இனிப்புச் சோளம் ஒரு டஜன் வாங்கி, அன்றைக்கே அவித்துச் சாப்பிடுங்கள், மறுநாளைக்கு வைக்காதீர்கள். வீடு பார்த்துச் சாமான் இறக்கிய அந்த வாரத்திலேயே பக்கத்து வீட்டில் வயசானவர் யாராவது இருந்தால் 93ஐப் பற்றிக் கேளுங்கள். தண்ணீரை எதில் பிடித்தார்கள், யார் வீட்டில் குளித்தார்கள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.