சாம்பாருக்குள் இருக்கும் கோதுமை

நேயர்களுக்கு வணக்கம். கோடை விடுமுறை வந்துவிட்டது. வேலூர்ப் பக்கம் சொந்தக்காரர்கள் வந்து இறங்கும் நேரம். கோட்டை, ஸ்ரீபுரம் பொற்கோவில், ஏலகிரி, இன்னும் தெம்பிருந்தால் ஜவ்வாது மலை என்று வேன் பிடித்துக் கிளம்பிவிடுவோம். எங்கள் வீட்டு வேனில் இரண்டு பேருக்குச் சாப்பாட்டில் கட்டுப்பாடு உண்டு. என் மகளுக்குச் சீலியாக் நோய். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் அவள் உடம்புக்கு ஆகாது. பெங்களூரிலிருந்து வரும் என் அக்கா மகன் வீகன். கறி, மீன் மட்டுமல்ல, பால், தயிர், நெய், தேன் எதையும் தொடமாட்டான். இந்த இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு இந்த வட்டாரத்தில் எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே பிரித்துச் சொல்லிவிடுகிறேன். வீகன் என்பது அந்தப் பையனின் கொள்கை. அவன் தட்டில் தெரியாமல் ஒரு சொட்டு நெய் விழுந்தால் வருத்தப்படுவான், அவ்வளவுதான். சீலியாக் அப்படி இல்லை. குளூட்டன் உள்ளே போனால் உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகிறது. இதற்கு மாத்திரை கிடையாது. கோதுமை, பார்லி, ரை மூன்றையும் ஆயுசுக்கும் விலக்குவதுதான் வைத்தியம். ரை என்பது மேல்நாட்டுத் தானியம். அதைக் கம்பு என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். நம்ம ஊர்க் கம்பில் குளூட்டன் கிடையாது, தாராளமாகச் சாப்பிடலாம். இன்னொன்று, வயிறு உப்புகிறது என்று நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிட்டு அப்புறம் டாக்டரிடம் போகாதீர்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் ரத்தப் பரிசோதனையில் சரியாகத் தெரியும்.

சரி, ஓட்டலுக்கு வருவோம். "நம்மதான் அரிசிச் சோறு சாப்பிடுகிற ஊராச்சே, என்ன கவலை?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அரிசியில் வில்லங்கம் இல்லை. வில்லங்கம் பெருங்காயத்தில் இருக்கிறது. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் முழுக்கப் பெருங்காயம் அல்ல. அதன் காரத்தையும் வாடையையும் குறைக்கப் பிசினும் மாவும் சேர்க்கிறார்கள். அந்த மாவு பெரும்பாலும் மைதா. டப்பாவைத் திருப்பிப் படித்தால் பொடி எழுத்தில் போட்டிருக்கும். சாம்பார், ரசம், புளியோதரை, இட்லிப் பொடி, வடை, ஊறுகாய், தயிர் சாதத் தாளிப்பு எல்லாவற்றிலும் அது போகிறது. சாம்பாரில் கோதுமை இருக்கிறது என்று சொன்னால் சர்வர் நம்மை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார், பார்த்துவிட்டுப் போகட்டும். வீட்டுக்கு அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் தேடி வாங்கலாம். ஓட்டலில் அதைக் கேட்க முடியாது. காலையிலேயே அண்டா நிறையச் சாம்பார் கொதித்திருக்கும்.

அதனால் என் வழி இதுதான். நோயின் பெயரைச் சொல்லிப் பயனில்லை. என்னென்ன வேண்டாம் என்று பொருளாகச் சொல்ல வேண்டும். அதுவும் சர்வரிடம் அல்ல, நேராக மாஸ்டரிடம். கூட்டம் சேருவதற்கு முன்னால், காலை ஏழு ஏழரைக்குப் போய், "மாஸ்டர், பொண்ணுக்குக் கோதுமை, மைதா, ரவை எதுவும் ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. தேங்காய்ச் சட்னியத் தாளிக்கறதுக்கு முன்னாடி ஒரு கிண்ணம் எடுத்து வச்சுடுங்கண்ணா" என்று கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. சட்னி அரைக்கும்போதே பெருங்காயம் போட்டார்களா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுவேன். இட்லியும் தாளிக்காத சட்னியும் இரண்டு பேருக்குமே ஆகும். தோசை என்றால் யோசிக்க வேண்டும். அதே கல்லில்தான் முன்னால் ரவா தோசையும் சப்பாத்தியும் போயிருக்கும். விளக்குமாற்றால் தண்ணீர் தெளித்துத் தேய்த்தால் போதாது. சில இடங்களில் முறுகலுக்காகத் தோசை மாவிலேயே ரவை கலப்பார்கள். ஆவியில் வெந்ததுதான் எனக்கு நிம்மதி. பொரித்தது எதுவும் வேண்டாம், சமோசா வெந்த எண்ணெயில்தான் வடையும் வேகிறது.

வீகன் பையனுக்குச் சாம்பாரில் தகராறு இல்லை. அவன் மாட்டிக்கொள்வது வெண்பொங்கலில், குருமாவில், பருப்பின் மேல் கேட்காமலே ஊற்றும் நெய்யில், பாயசத்தில். மதியச் சாப்பாட்டில் இவன் தொடக்கூடிய சாம்பார் அவளுக்கு ஆகாது, அவள் சாப்பிடும் கெட்டித் தயிர் இவனுக்கு ஆகாது. இரண்டு பேருக்கும் பொதுவாக மிஞ்சுவது சோறு, தேங்காய் போட்ட பொரியல், கீரைக் கடைசல், வாழைப்பழம். கீரையைத் தாளித்ததில் என்ன போட்டார்கள் என்று அதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இங்கே வேலூருக்கென்று ஒரு வசதி இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் பலருக்கு அது தெரியாது. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் சமையல் வசதியோடு அறை கொடுக்கும் லாட்ஜுகள் நிறைய. மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வைத்தியத்துக்கு வரும் குடும்பங்கள் வாரக் கணக்கில் தங்கித் தாங்களே பொங்கிச் சாப்பிடுவதற்காக வந்த ஏற்பாடு அது. கடைப் பலகைகள்கூட வங்காள எழுத்தில் இருக்கும். சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் ஊருக்கு வெளியே நீச்சல் குளம் வைத்த ஓட்டலைத் தேடுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்தச் சந்தில் ஓர் அறை எடுத்து, ஒரு குக்கரும் உங்கள் வீட்டுப் பெருங்காயமும் கொண்டுபோவதே மேல். காலையில் எலுமிச்சை சாதம் கிளறிக் கட்டிக்கொண்டால் பகல் முழுக்கச் சுற்றலாம். அந்தத் தெருக் கடைக்காரர்களுக்கு, "உப்பு இல்லாமல் வேண்டும், எண்ணெய் இல்லாமல் வேண்டும்" என்ற பேச்செல்லாம் பழகிப்போன ஒன்று. உங்கள் கேள்வி அவர்களுக்குப் புதிதாக இருக்காது.

அப்புறம் நம்ம வடாற்காட்டுச் சாப்பாடு. கேழ்வரகு மாவும் நொய்யும் சேர்த்துக் கிண்டிய களி, அதோடு வேர்க்கடலைச் சட்னியோ கீரையோ. குளூட்டனும் இல்லை, பாலும் இல்லை. விருந்தாளிக்குக் களி போடுவதா என்று கூச்சப்படுகிறோம். என் அக்கா மகன் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான். தள்ளுவண்டியில் விற்கும் கம்பங்கூழும் ஆகும். "மோர் ஊத்தாம, தண்ணி ஊத்திக் கரைச்சுக் குடுங்க" என்று கரைப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும், தொட்டுக்கொள்ள மோர் மிளகாயை விட்டுவிட்டுப் பச்சை வெங்காயம் போதும். கேழ்வரகை அரைக்கும்போது மட்டும் கவனம் தேவை. மெஷினில் நமக்கு முன்னால் கோதுமை அரைத்திருந்தால் அதன் மாவு நம் மாவில் கலந்துவிடும். யாராவது அரிசி அரைத்து முடித்த பிறகு போடச் சொல்லுங்கள். பாக்கெட் மாவு வாங்கினால் 'குளூட்டன் ஃப்ரீ' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் அப்படிப் போடக்கூடாது என்பது விதி. வீகன் உணவுக்கு 2022-ல் தனி விதிமுறையே வந்திருக்கிறது.

இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயையும் விட்டுவிடக்கூடாது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய காய். புளி, எள், வேர்க்கடலை அரைத்து ஊற்றி எண்ணெய்க் கத்தரிக்காயாக வைத்தால் அதில் பெருங்காயத்துக்கே வேலையில்லை. இரண்டு பேரும் ஒரே கிண்ணத்தில் கைவைக்கக்கூடிய குழம்பு எங்கள் வீட்டில் அதுதான். ஆம்பூர் பிரியாணிக்கும் கத்தரிக்காய்தான் துணை, ஆனால் பிரியாணிக் கடைக் கத்தரிக்காயில் கறிச்சாறு விட்டிருக்கிறார்களா என்று வீகன்கள் கேட்டுக்கொள்ளவும்.

ஏலகிரிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏறிப் போன பிறகு பசியோடு ஓட்டல் தேடக்கூடாது. விடுதிகளில் பரோட்டா, நூடுல்ஸ், சோறு எல்லாம் வரிசையாக வைத்திருப்பார்கள். ஒரே கரண்டி எல்லாப் பாத்திரத்துக்கும் போய்வரும். நூடுல்ஸிலும் வறுத்த சோற்றிலும் ஊற்றும் சோயா சாஸிலேயே பெரும்பாலும் கோதுமை உண்டு. முந்தின நாளே போன் செய்து, தனிப் பாத்திரத்தில் வெறும் சோறும் வேகவைத்த காய்கறியும் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். ஜவ்வாது மலைக்குப் போனால் சாமை வாங்காமல் திரும்பாதீர்கள். அது அங்கேயே விளைகிறது. சாமைச் சோறு இருவருக்கும் ஆகும்.

கடைசியாக இனிப்பு. ஆற்காட்டு மக்கன் பேடாவை நினைத்தாலே நாக்கில் எச்சில் ஊறும். மைதா, கோவா, நெய். இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கும் ஆகாது. அதை நாங்கள் பெரியவர்கள் பார்த்துக்கொள்கிறோம். பிள்ளைகளுக்குக் கடலை மிட்டாய், எள்ளுருண்டை, கமர்கட் வாங்கிக் கொடுங்கள். அதிரசம் என்றால் சுட்டது எண்ணெயிலா நெய்யிலா, அதிலேயே மைதாப் பலகாரமும் வெந்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

நன்றி, வணக்கம்.